பட்டை எடுத்த மீன் தொட்டி: அழகு யாருடைய பொறுப்பில் நிற்கிறது?

முல்லைப் பெரியாறு அணை என்றாலே கம்பம் பள்ளத்தாக்கில் நீர்மட்டத்தின் இரண்டு எண்கள் காதில் விழும்: 136 அடி, 142 அடி. அதன் நீர்த்தேக்கமான தேக்கடி ஏரி பின்னால் எவ்வளவு தூரம் பரந்து கிடந்தாலும், அணையை அழுத்துவது நீரின் உயரம்தான். அந்த ஆறடிக்காகத்தான் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை நடந்து, 2014-இல் 142 அடி உறுதியானது. கூடத்தில் வைக்கும் மீன் தொட்டிக்கும் இதே கணக்குதான்.

மேல் விளிம்பில் சட்டமோ குறுக்குப் பட்டையோ இல்லாத ‘ரிம்லெஸ்’ தொட்டி, ஜப்பானியரான தகாஷி அமானோ (1954–2015) வளர்த்தெடுத்த செடித்தொட்டிக் கலையோடு உலகெங்கும் பரவியது. அதன் நிறைகள் உண்மையானவை. விளக்கு வெளிச்சத்தைப் பட்டை மறைக்காது. மேலிருந்தும் மீனைப் பார்க்கலாம். செடி கத்தரிக்கவும் பாசி துடைக்கவும் கை தாராளமாக உள்ளே போகும்.

குறை எங்கே இருக்கிறது? மூன்றடி நீளம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால், முன்பக்கக் கண்ணாடி தாங்கும் விசை சுமார் 95 கிலோ. உயரத்தை மட்டும் இரண்டடி ஆக்கினால் அது சுமார் 170 கிலோ ஆகிவிடும். முன்பின் அகலத்தைக் கூட்டினால் இந்த விசை மாறாது. அழுத்தம் அடியில்தான் அதிகம். ஆனால் அங்கே ஒட்டு பிடித்திருக்கிறது. பிடிமானமில்லாத மேல் விளிம்பின் நடுப்பகுதிதான் வெளியே வளையும். நீளம் கூடக் கூட வளைவும் கூடும். பட்டையின் வேலை அந்த வளைவைத் தடுப்பது. அதை எடுத்துவிட்டால், கண்ணாடியின் கனமும் சிலிக்கான் ஒட்டும் முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டும்.

அமானோவின் ஏடிஏ நிறுவனம் 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. உயரமும் உள்ள தொட்டிக்கு 10 எம்.எம். கண்ணாடி போடுவது இதனால்தான். கனம் 6-லிருந்து 8 எம்.எம். ஆனாலே விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடும். படத்தைக் காட்டி, “இதே மாதிரி, பட்டை வேண்டாம்” என்று கடையில் ஒட்டச் சொல்பவர், பழைய கனத்துக்கே விலை பேசும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. நிரப்பிய அன்றே உடையவில்லை என்பது சான்றாகாது. தொடர்ந்து பாரம் தாங்கும் கண்ணாடியில், கண்ணுக்குத் தெரியாத கீறலும் ஈரமும் சேர்ந்து பலத்தை மெல்லக் குறைக்கும்.

‘டஃபண்ட் (வலுவூட்டிய) கண்ணாடி போட்டால் போதும்’ என்பதும் முழுத் தீர்வல்ல. அதன் பலம் அதிகம். வளைவோ சாதாரணக் கண்ணாடியைப் போலத்தான். உடைந்தால் ஒரேயடியாகச் சிதறும். சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் விரிசல் விட்டு ஒழுகும்; தண்ணீரை இறைக்கக் கொஞ்சம் நேரமாவது கிடைக்கலாம். மட்டமில்லாத மேசையோ இரண்டையும் முறுக்கும்.

மூடியில்லாத தொட்டிக்கு வேறு செலவும் உண்டு: ஆடி மாதக் காற்றில் தண்ணீர் சீக்கிரம் வற்றும், மிஸ் கேரளா போன்ற மீன்கள் துள்ளி வெளியே விழும்.

ஆகவே, ஒன்றரை அடி உயரத்துக்குள், கனமான கண்ணாடியில், ஒட்டில் குமிழி இல்லாமல், மட்டமான மேசையில் வைத்தால் பட்டையில்லாத தொட்டி நியாயமான தேர்வு. நிரப்பியபின் எஃகு ஸ்கேலை முன்பக்க மேல் விளிம்பில் வெளிப்புறமாகப் படுக்கவைத்துப் பாருங்கள். நடுவில் தொட்டு இரு ஓரத்திலும் இடைவெளி தெளிவாகத் தெரிந்தால் தண்ணீரைக் குறையுங்கள். இரண்டடி உயரம்தான் வேண்டும் என்றால், பட்டையோடு வாங்குவதே புத்திசாலித்தனம்.