ஜி. ராமநாதன்: போர்க்காலத் திரையிசையும் வாத்தியக் குழுவும்

ஜி. ராமநாதன் (1910–1963) தமிழ்த் திரைப்பட இசையமைப்பாளர். கர்நாடக ராகங்களைத் திரைக்குக் கொண்டுவந்தவர் என்றே பெரும்பாலும் புகழப்படுகிறார். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வாத்தியக் குழுவை நடத்தி, பிறர் அமைத்த மெட்டுக்கும் உருவம் கொடுத்த அவரது உழைப்பு இன்னும் சரியாக மதிப்பிடப்படவில்லை.

திருச்சிராப்பள்ளியை அடுத்த பிச்சாண்டார்கோவிலில் பிறந்தவர். தமையனார் சுந்தர பாகவதர் கதாகாலட்சேபக் கலைஞர். ராமநாதன் நாடக மேடையில் ஆர்மோனியம் வாசித்துப் பழகித் திரைக்கு வந்தார். நாடகத்தில் ஆர்மோனியக்காரர் வெறும் பக்கவாத்தியம் அல்லர். பாடகர் மூச்சு வாங்கும் இடமும் காட்சி மாறும் இடமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழுவை நடத்தும் பாடத்தை அவர் அங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

சேலமும் போர்க்காலமும்

திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் 'உத்தமபுத்திரன்' (1940) படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடமேற்றார், இசை ராமநாதன். அடுத்து வந்த ஆண்டுகளில் கச்சா பிலிம் தட்டுப்பாட்டால் படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக்கூடாது என்று அரசு வரம்பு விதித்தது. முப்பது, நாற்பது பாடல்களுடன் படமெடுத்த காலம் அத்துடன் முடிந்தது. பாடல் குறைந்ததும் ஒவ்வொரு பாடலின் வாத்திய அமைப்பும் முன்னைவிட முக்கியமாயிற்று.

1944 தீபாவளிக்கு வெளிவந்து, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' இதற்குச் சான்று. பாடல்களும் மெட்டும் பாபநாசம் சிவனுடையவை. வாத்திய அமைப்பு ராமநாதனுடையது. சாருகேசியில் அமைந்த 'மன்மத லீலையை' பாடலில் எம். கே. தியாகராஜ பாகவதரின் குரலுக்கு வாத்தியங்கள் வழிவிட்டு நிற்கின்றன. அடக்கி வாசிப்பது எளிதன்று. ஆனால் அதைச் செய்தவரை யாரும் கவனிப்பதில்லை.

அதே ஆண்டு டிசம்பரில், அமெரிக்க ராணுவ இசைக்குழுவை நடத்திவந்த கிளென் மில்லர் விமானப் பயணத்தில் மறைந்தார். அவருடைய இசைத்தட்டுகளில் குழுத் தலைவர் பெயரே முதலில் இருக்கும். இங்கே இசைத்தட்டு பாகவதர் பெயரில்தான் விற்றது.

பிற்காலம்

மீண்டும் சேலத்தில் உருவான 'மந்திரி குமாரி' (1950) படத்தில், திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய 'வாராய் நீ வாராய்' கொலைக்கு அழைத்துச் செல்லும் காட்சிக்கான பாட்டு. மனைவியை மலையுச்சியிலிருந்து தள்ளிவிடக் கணவன் கூட்டிப்போகிறான். இசையோ இனிமை மாறாமல் நடக்கிறது. இன்று இப்படி ஒரு காட்சி வந்தால் முரசை அதிரவைத்துப் பயமுறுத்தியிருப்பார்கள்!

1958இல் சிவாஜி கணேசன் நடித்த வேறொரு 'உத்தமபுத்திரன்' வந்தது. இதற்கும் இசை ராமநாதனே. 'யாரடி நீ மோகினி' பாடலில் ராக் அண்ட் ரோல் துள்ளலும் மேற்கத்திய வாத்தியங்களும் முழு வீச்சில் ஒலிக்கின்றன. அதே ஆண்டு 'சாரங்கதாரா'வில் 'வசந்த முல்லை போலே' பாடலுக்கு மறுபடியும் சாருகேசி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர் அவரை ராகக்காரர் என்று மட்டும் சொல்ல மாட்டார்.

ராமநாதனும் டி. ஆர். சுந்தரமும் 1963இல், ஒரே ஆண்டில் காலமாயினர். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் எஞ்சியது. ராமநாதனின் குழுவில் வாசித்தவர்களின் பெயர்களோ படங்களின் தலைப்பு அட்டைகளில்கூடப் பெரும்பாலும் ஏறவில்லை.