12 இன்ச் ஷேப்பர்: எல்லாம் கிளாப்பரில் இருக்கிறது

சிறு பட்டறைக்கு முதல் மெஷின் லேத். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டாவது எது என்று கேட்டால் பெரும்பாலோர் மில்லிங் என்பார்கள். நான் ஷேப்பர் என்பேன். 12 இன்ச் ஷேப்பர் ஒன்றோடு மாதக்கணக்கில் வேலை செய்தபின் அந்த எண்ணம் இன்னும் கெட்டிப்பட்டிருக்கிறது. கூடவே ஒரு கோபமும் சேர்ந்திருக்கிறது.

ஒரு ஹெச்.பி. மோட்டார், வி-பெல்ட், புல் கியர், ராக்கர் ஆர்ம் என்று விவரத்தாளில் இருப்பதெல்லாம் தெரிந்த விஷயம். ஜேம்ஸ் நாஸ்மித் 1836-ல் செய்த ஷேப்பருக்குப் பிறகு தத்துவம் மாறவில்லை. ராம் முன்னே போகும்போது டூல் வெட்டுகிறது. திரும்பும்போது வேகமாக, வெறுமனே வருகிறது. வெட்டும் நேரமும் திரும்பும் நேரமும் ஏறக்குறைய 3:2. ஆகவே 100 மி.மீ. ஸ்ட்ரோக்கில் நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் ஓட்டினால் வெட்டும் வேகம் சராசரியாக நிமிடத்துக்கு 10 மீட்டர். மைல்டு ஸ்டீலில் ஹெச்.எஸ்.எஸ். டூல் இதைப்போல இரண்டு மடங்கு தாங்கும். ஆனால் சிறு மெஷினை அப்படி விரட்டினால் ராம் திரும்பும் ஒவ்வொரு முறையும் அடித்தளமே ஆடும். நிதானமாக ஓட்டுவதுதான் இதற்கு அழகு.

இந்த மெஷின் மேல் எனக்குள்ள பிரியத்துக்குக் காரணம் டூல். டவ்டெயில் போட மில்லிங்கில் அதற்கென்று ஒரு கட்டர் வாங்க வேண்டும். அதன் விலை சிறு பட்டறைக்காரரைத் தயங்க வைக்கும். ஷேப்பருக்கு அரை இன்ச் ஹெச்.எஸ்.எஸ். துண்டு ஒன்றைத் தேவையான கோணத்துக்குச் சாணை பிடித்தால் போதும். புல்லிக்குள் கீவே, ரேக் பல், ஸ்ப்லைன் எல்லாம் இப்படியே. முன் கிளியரன்ஸ் 4 டிகிரி தாராளம். வெட்டும்போது ஃபீட் நகர்வதில்லை என்பதால் லேத் டூலுக்குக் கொடுக்கும் அளவு பக்கக் கிளியரன்ஸும் தேவையில்லை. விளிம்பு தடிமனாக, பலமாக நிற்கும்.

நிறுவுவதில் அவசரம் கூடாது. நான்கு மூலையும் ஷிம் வைத்து லெவல் பார்த்தபின்தான் ஃபவுண்டேஷன் போல்ட்டை இறுக்க வேண்டும். பிறகு டூல் போஸ்ட்டில் டயல் கேஜைக் கட்டி, ராமைக் கையால் நகர்த்தி, வைஸின் நிலைத்தாடையை ஸ்ட்ரோக்குக்கு நேராக்க வேண்டும். டேபிள் மேல்தளம் சரியில்லையா, கவலை வேண்டாம். அதன் மேல் மெல்லிய ஒரு கட் ஓட்டி, மெஷினே தன் டேபிளைச் சமன் செய்துகொள்ளும். இந்த வசதி வேறு எத்தனை மெஷினில் உண்டு?

இனி அந்தக் கோபத்துக்கு வருகிறேன்.

டூல் போஸ்ட்டைத் தாங்கி நிற்கும் கிளாப்பர் பாக்ஸைத் தொட்டுப் பார்க்காமலே பலர் மெஷின் வாங்கிவிடுகிறார்கள். ஒரு கதவைப் போல மேலே கீலில் தொங்கும் கட்டை அது. வெட்டும்போது ஜாபின் எதிர்ப்பு அதைத் தன் இருக்கையில் அழுத்திப் பிடிக்கிறது. ராம் திரும்பும்போது கட்டை தூக்கிக்கொடுக்க, டூல் முனை ஜாபின் மேல் லேசாக உராய்ந்தபடி வந்துவிடுகிறது. இந்தக் கட்டை மட்டும் இல்லையென்றால் பின்னோக்கி வரும் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் முனை நசுங்கும். மெஷினின் அத்தனை எடையும் துல்லியமும் கடைசியில் இந்தக் கட்டை இருக்கையில் பதிவதை நம்பித்தான் இருக்கின்றன.

எனக்கு வந்த மெஷினில் அது பதியவில்லை. கனமான வார்ப்பு, நல்ல ராம், சத்தமில்லாத கியர். அவற்றை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் ஃபினிஷிங் கட் ஓட்டினால் ஒரு வரி சரியாக, அடுத்த வரி கொஞ்சம் ஆழமாக விழுந்தது. டூல் முனையில் டயலை வைத்துக் கையால் பக்கவாட்டில் தள்ளினால் முள் தாராளமாக நகர்ந்தது. கழற்றிப் பார்த்தால், இருக்கையின் மேல் பட்டியும் பெயின்டும். கீல் ஓட்டைக்குப் பொருந்தாத ஒல்லியான நேர் பின். விற்ற கம்பெனியைக் கேட்டதற்கு வந்த பதில்: "ஓட ஓடச் செட்டாயிடும் சார்." கீலில் உள்ள ப்ளே ஓட ஓட வளருமே தவிரக் குறையாது. இத்தனை இரும்பை ஒழுங்காக வார்த்து, கியர் வெட்டி, கடைசியில் உள்ளங்கை அளவுக் கட்டையில் கஞ்சத்தனம் காட்டியிருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நல்லவேளை, இது சரிசெய்யக்கூடிய குறை. பெயின்டைச் சுரண்டி எடுத்து, பிரஷ்யன் புளூ தடவி, கட்டையின் முதுகும் பக்கங்களும் இருக்கையில் சீராகப் படும்வரை ஸ்க்ரேப்பரால் செதுக்கினேன். கீல் ஓட்டையை 1:50 டேப்பர் ரீமரால் சரித்து, டேப்பர் பின் போட்டேன். பின்னாளில் தேய்ந்தால் பின்னை இன்னும் கொஞ்சம் உள்ளே தட்டினால் போதும். மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு. கிரீஸ் கூடவே கூடாது, கட்டை மேலேயே ஒட்டி நின்றுவிடும். தூக்கி விட்டால் தன் எடையிலேயே விழுந்து "டக்" என்று உட்கார வேண்டும், பக்கவாட்டில் அசையவே கூடாது. அதன்பின் ஓட்டிய ஃபினிஷிங் கட்டில் வரிகள் ஒன்றுபோல விழுந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை மெஷின் வேலை தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

கிளாப்பரைப் புரிந்துகொண்டால் செட்டிங்கில் பாதி தானாக விளங்கும். ஸ்ட்ரோக் நீளம் ஜாபைவிட 20 மி.மீ. அளவு கூடுதலாக இருக்கட்டும். அதில் பெரும்பகுதியை வெட்டு தொடங்கும் பக்கம் கொடுங்கள். அடுத்த கட்டுக்கு முன் கட்டை இருக்கைக்குத் திரும்ப அந்த இடைவெளி வேண்டும். ஃபீட் நகர்வதும் ராம் திரும்பும்போதுதான் இருக்க வேண்டும். வெட்டும்போது நகர்ந்தால் ஃபீட் ராடின் பின்னை மறுபக்கம் மாற்றுங்கள். செங்குத்துப் பக்கத்தை வெட்டும்போது கிளாப்பர் பாக்ஸின் மேல்முனையை வெட்டும் தளத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்க்க வேண்டும். அப்போதுதான் தூக்கும்போது முனை ஜாபை விட்டு விலகும். புல்லிக்குள் கீவே வெட்டும்போதோ, நீண்ட பாரின் முனையிலுள்ள டூல் தூக்க அங்கே இடமில்லை. கட்டையை அசையாமல் பூட்டிவிட்டு மிக மெல்லிய கட்டாக ஓட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ராமின் முன்னால் நிற்கக் கூடாது என்று எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். திரும்பும்போது அதன் பின்பகுதியும், அதைவிட வேகமாக, வெளியே வருகிறது. சுவரோடு ஒட்டி மெஷினைப் போடாதீர்கள்; பின்னால் ஆள் நடக்க முடியாதபடி கம்பித் தடுப்பு வையுங்கள்.

எண்ணிக்கையில் நிறைய உருப்படி செய்து தர வேண்டியவர்களுக்கு இது ஏற்றதல்ல. அவர்கள் மில்லிங்கோ சி.என்.சி.யோ பார்க்கட்டும். ஒன்றிரண்டாக வரும் ரிப்பேர் வேலை, கீவே, டவ்டெயில் செய்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். புதிதோ பழையதோ, பணம் கொடுப்பதற்கு முன் கிளாப்பரைத் தூக்கிப் போட்டும் பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்கள். ஆடினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அதற்காக மட்டும் மெஷினை விட்டுவிட வேண்டாம். ராம் ஓடும் தடம் தேய்ந்திருந்தால் மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.