'புற உலகச் சிந்தனையற்றோர்': கலைச்சொல்லும் வாழ்நாள் ஆதரவும் – பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஆட்டிசத்தைக் குறிக்கத் தமிழக அரசு ஆவணங்களில் வழங்கும் 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்' என்னும் தொடரைச் சட்டங்கள் தரும் வரையறைகளோடு ஒப்பிட்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. குறையை ஆளுக்குள் மட்டுமே காணும் இத்தொடர், சூழலுக்குரிய பொறுப்பையும் 18 வயதுக்குப் பின் தொடர வேண்டிய ஆதரவையும் மறைக்கிறது என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஆட்டிசம், கலைச்சொல்லாக்கம், பாதுகாவலர் நியமனம், பெரம்பலூர், அரியலூர்

முன்னுரை

'ஊனமுற்றோர்' என்னும் சொல்லை நீக்கி 'மாற்றுத்திறனாளிகள்' என்னும் சொல்லைத் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. பெயர், நடத்தும் முறையையும் தீர்மானிக்கிறது என்ற புரிதல் அம்மாற்றத்தின் பின்னே இருந்தது. ஆட்டிசத்தைப் பொறுத்தவரை அப்புரிதல் இன்னும் செயற்படவில்லை.

கலைச்சொல்லின் பின்புலம்

'தன்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை உருவாக்கியவர் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ஆய்கன் புளூலர். மனச்சிதைவு நோயாளர் புறவுலகை விட்டுத் தமக்குள் ஒடுங்கும் நிலையை அவர் அவ்வாறு குறித்தார். 1943-இல் லியோ கானர் 11 குழந்தைகளை ஆராய்ந்து எழுதியபோது அப்பெயர் வேறொரு நிலைக்கு உரியதாயிற்று. மருத்துவம் புளூலரின் பொருளைக் கடந்து வந்துவிட்டது. 'புற உலகச் சிந்தனையற்ற' என்னும் தமிழ் அடைமொழியோ அப்பழம்பொருளின் சாயலை இன்றும் சுமக்கிறது.

சட்டம் கூறுவது வேறு. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், திறன்கள் சமச்சீரற்று வளர்வதையும் தகவல் தொடர்பு, சமூக உறவு ஆகியவற்றில் ஏற்படும் இடர்ப்பாட்டையும் ஆட்டிசத்தின் இயல்புகளாகக் கூறுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை நரம்பு வளர்ச்சி சார்ந்த நிலை என வரையறுக்கிறது. இரண்டிலும் சிந்தனை இல்லை என்னும் கூற்று இல்லை. சட்டம் 'சமச்சீரின்மை' என்றதைத் தமிழ்த் தொடர் 'இன்மை' ஆக்கிவிடுகிறது.

ஆட்டிசம் குறித்துத் தொடர்ந்து எழுதிவரும் யெஸ். பாலபாரதி தம் நூலுக்கு 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' என்று பெயரிட்டது இங்குக் கருதத்தக்கது. தனித்தமிழாக்கத்தினும் ஒலிபெயர்ப்பு மனிதரை இழிவுபடுத்தாதிருக்க முடியும் என்பதற்கு அத்தலைப்பு சான்று.

புறவுலகும் புலனுணர்வும்

ஆட்டிசம் கொண்டோர் பலருக்கு ஒலி, ஒளி, தொடுகை ஆகியவை மிகையாக உறைக்கின்றன. 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் வகைப்பாட்டு நூல் இதனை நோயறி கூறுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களையும் சிமென்ட் ஆலைகளையும் ஒட்டிய சாலைகளில் இடைவிடாது லாரிகள் ஓடுகின்றன. அச்சாலையோர வீட்டில் காதைப் பொத்திக்கொண்டு அலறும் ஒருவருக்குப் புறவுலகம் இல்லாமற் போகவில்லை; அது தாங்க இயலாத அளவில் இருக்கிறது. 'சிந்தனையற்றோர்' என்னும் பெயர் அவருக்குப் பயிற்சியை மட்டுமே பரிந்துரைக்கும். 'மிகையுணர்வு' என்னும் புரிதல் வகுப்பறையின் இரைச்சலையும் மருத்துவமனை வரிசையின் நெரிசலையும் மாற்றச் சொல்லும்.

பதினெட்டு என்னும் எல்லை

உரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதிசெய்கிறது. தேசியச் சிறார் நலத்திட்டத்தின் மருத்துவப் பரிசோதனையும் 18 வயதோடு முடிகிறது. குடும்பம் தனித்து விடப்படுவது அதன் பின்னரே. ஜி. என். ஆர். குமாரவேலன் இயக்கிய 'ஹரிதாஸ்' (2013) ஆட்டிசத்தைத் தமிழ்த் திரையின் மையத்துக்குக் கொணர்ந்த படம். எனினும் சிறுவனின் ஓட்டத்திறனே அவனது மதிப்புக்குச் சான்றாக அதில் அமைகிறது. ஓடாத, வெல்லாத, நாற்பது வயதை எட்டும் ஒருவரின் அன்றாடம் அக்கதைமரபுக்குள் அடங்குவதில்லை.

தேசிய அறக்கட்டளைச் சட்டம் அந்த அன்றாடத்தை எண்ணிப் பார்த்தது. தம் சமூகத்துக்குள்ளும் அதன் அருகிலும் இயன்றவரை சுயமாக வாழச் செய்தல், பெற்றோர் மறைவுக்குப் பின் பாதுகாப்பு அளித்தல் ஆகியவை அதன் நோக்கங்கள். மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. அவர் 6 மாதத்துக்குள் சொத்து விவரத்தையும், நிதியாண்டு முடிந்த 3 மாதத்துக்குள் ஆண்டுக் கணக்கையும் அளிக்க வேண்டும். ஆயினும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, உரியவரோடு கலந்து முடிவெடுக்கும் வரையறுத்த பாதுகாவலையே வேண்டுகிறது. ஒருவரைச் 'சிந்தனையற்றவர்' என்று விளித்த ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் விருப்பத்தைக் கேட்பது எங்ஙனம்? சொல்லும் சட்டமும் நேரடியாக முரண்படும் இடம் இதுவே.

இரு மாவட்டங்களின் நிலை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் 5,65,223 பேரும் அரியலூரில் 7,54,894 பேரும் வாழ்ந்தனர். அக்கணக்கெடுப்பின் எட்டு வகைப்பாடுகளில் ஆட்டிசத்துக்குத் தனியிடம் இல்லை. எண்ணப்படாத ஒன்றுக்குத் திட்டமிடுதல் அரிது. அரியலூர் 2001-இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் இணைந்து, 2007-இல் மறுபடியும் தனி மாவட்டமானது. பாதுகாவலர் நியமனம் மாவட்டத்தை அலகாகக் கொண்டது. ஆதலின் ஒரு குடும்பம் வாழ்நாள் முழுதும் நாட வேண்டிய அலுவலகமே இடம் மாறியதுண்டு.

எனினும் இப்பகுதி வெறுமையானதன்று. பெரம்பலூரின் சின்னவெங்காயத்தைத் தரம் பிரித்தலும், செயங்கொண்டம் வட்டாரத்து முந்திரிப் பணிகளும் ஒரே செயலை ஒழுங்குடன் மீண்டும் மீண்டும் செய்யும் தன்மையன. விருப்பமுள்ளோர்க்கு அத்தன்மை பலமாகலாம். ஆனால் உரிய கூலியும் அமைதியான இடமும் இன்றேல் அது ஆதரவு ஆகாது, சுரண்டலாகும்.

முடிவுரை

கலைச்சொல் ஒன்றை மாற்றினால் பயிற்சி மையம் எழும்பிவிடாது. ஆனால் சான்றிதழிலும் விண்ணப்பத்திலும் அரசு ஆணையிலும் திரும்பத் திரும்ப எழுதப்படும் தொடர், அலுவலர் எதைக் கேட்பார், எதைக் கேளாதுவிடுவார் என்பதை வரையறுக்கிறது. 'ஆட்டிசம் உடையவர்' என்னும் எளிய வழக்கு சட்ட வரையறைக்கு நெருக்கமானது. குழந்தைக்கும் முதியவருக்கும் ஒருங்கே பொருந்துவது. தமக்குப் பின் மகனை யார் கேட்டு நடத்துவர் என்று கவலும் தாய்க்கு, அவனுக்கும் சிந்தனை உண்டு என்று ஏற்கும் ஆவணமே ஆதரவின் முதற்படி.