பாரதியின் ‘அச்சமில்லை’ பாடலில் சந்தம், எதுகை, மீள்வரவு

பாரதியாரின் (1882–1921) ‘அச்சமில்லை’ பாடல் பள்ளிகளிலும் மேடைகளிலும் முழக்கமாகவே ஒலித்து வருகிறது. அதில் மீண்டும் மீண்டும் வரும் அடியை மனப்பாடத்திற்கு உதவும் உத்தியாகவோ உணர்ச்சிப் பெருக்காகவோ கொள்வதுண்டு. பாடலின் தொடரமைப்பே அம்மீள்வரவை வேண்டி நிற்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

‘பண்டாரப் பாட்டு’ என்னும் குறிப்புடன் பதிப்புகளில் அமையும் இப்பாடலின் சந்தம் சிவவாக்கியர் பாடல்களில் பயில்வது. ஒற்று நீக்கி எண்ணின் மீள்வரும் அடியில் 15 எழுத்துகள் உள்ளன. பிற அடிகளும் பெரும்பாலும் அவ்வளவினவே. கனத்த ஒலியும் மெல்லிய ஒலியும் மாறிமாறி நடக்க, அடி கனத்த ஒலியில் தொடங்கிக் கனத்த ஒலியிலேயே முடிகிறது. ஈற்றில் மெல்லொலி இல்லாமையால் அங்கு ஓர் இடைநிறுத்தம் பிறக்கிறது.

இடர்களை உரைக்கும் அடிகள் எட்டு. உலகத்தாரின் பகை, இகழ்ச்சி, வறுமை, இழப்பு என்று தொடங்கி வான் இடிந்து விழுவதுவரை அவை செல்கின்றன. எட்டும் ‘ச்ச’ என்னும் வல்லின இரட்டிப்பை எதுகையாகக் கொண்டவை. அச்சம் என்னும் சொல்லின் ஒலியும் அதுவே. ஒவ்வோர் இடரும் அச்சத்தின் ஒலியைத் தாங்கியே வருகிறது. அடுத்த அடி அதே ஒலியை எடுத்து மறுக்கிறது.

இவ்வெட்டு அடிகளும் உம்மை ஏற்ற ஒரே சொல்லில் முடிகின்றன. எனவே அவை முற்றுப் பெறாத தொடர்கள், தனித்து நில்லா. மேற்கூறிய இடைநிறுத்தத்தில் பொருள் தொங்கி நிற்க, மீள்வரும் அடியே அதற்கு முற்றாகிறது. அவ்வடியை நீக்கினால் எஞ்சுவது இடர்களின் பட்டியல் மட்டுமே. இடர் எதுவும் கூறப்படுமுன்னரே அவ்வடி பாடலைத் தொடங்கி வைப்பதும் நோக்கத்தக்கது. இங்குத் துணிவு இடருக்கு எதிர்வினையாகப் பிறக்கவில்லை, முன்னரே நிற்கிறது.

அவ்வடியின் உள்ளமைப்பும் கருதத்தக்கது. மறுப்பு மூன்று முறை அடுக்கி வருகிறது. முதலிரண்டும் ஒரே வடிவின. மூன்றாவதோ நீண்டு, அச்சம் என்ற ஒன்றே இல்லை எனப் பெயரையே மறுக்கிறது. ‘பாம்பு பாம்பு’ என்பதுபோல் அச்சத்தைப் புலப்படுத்துவது அடுக்குத்தொடரின் பயன்களுள் ஒன்று. அச்சத்தின் மொழிவடிவத்தைக் கொண்டே பாரதி அச்சத்தை மறுக்கிறார்.

ஆகவே இம்மீள்வரவு வெறும் முழக்கமன்று. எட்டு இடர்களுக்கும் இறுதிச்சொல் அவற்றின் வசம் இல்லாதவாறு அமைந்த தொடரியல் ஒழுங்கு அது. மீள்வரும் அடியை மட்டும் தனியே எடுத்து முழங்கும்போது நாம் இழப்பது இவ்வொழுங்கையே.