கூடுதல் கையா, கற்கும் கையா?

நர்சிங் மாணவர்களின் மகிழ்ச்சியைத் தீர்மானிப்பவை எவை என்று கேட்டால் விடுதிச் சாப்பாடு, வீட்டு ஏக்கம், கல்விக்கடன், தேர்வு எனப் பட்டியல் நீளும். இவை எல்லாக் கல்லூரிக்கும் பொதுவானவை. நர்சிங் படிப்பில் இவற்றோடு சேர்வது, மருத்துவமனை வார்டில் பெறும் பயிற்சியான வார்டு போஸ்டிங். அது நன்றாக அமைந்தால் மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். கெட்டால் நல்ல விடுதியாலும் ஈடுகட்ட முடியாது.

1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தொடங்கிய நைட்டிங்கேல் நர்சிங் பள்ளி, வார்டையே பயிற்சிக்களமாக்கியது. அந்த முறையின் பலம் இன்றும் குறையவில்லை. எடுத்த பிபி சரியாக இருந்தபோது வரும் துணிவையும், "நாளைக்கும் நீயே வா தாயி" என்று ஒரு பாட்டி சொல்லும்போது வரும் நிறைவையும் வகுப்பறை தராது.

பலவீனமும் அங்கேயே பிறக்கிறது. ஆள் பற்றாத வார்டில் மாணவி நுழைந்ததுமே இன்சார்ஜ் சிஸ்டரின் கணக்கில் ஒரு கை கூடிவிடுகிறது. படுக்கை விரிப்பதிலும் நோயாளிகளைத் துடைத்துவிடுவதிலும் சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோவதிலும் காலை கழிகிறது. கேர் பிளான் (பராமரிப்புத் திட்டம்) எழுத வேண்டிய நோயாளியிடம் பேச நேரமில்லை. இரவில் ரெக்கார்டு நோட்டு காத்திருக்கிறது. இடையில் தவறு நேர்ந்தால் நோயாளி முன்னாலேயே திட்டு.

இதற்காக அந்த வேலைகளைத் தாழ்வாக எண்ணக் கூடாது. முதுகைத் துடைக்கும்போதுதான் படுக்கைப்புண்ணின் முதல் சிவப்பு தெரியும். அதைச் சுட்டிக்காட்ட ஒருவர் பக்கத்தில் இருந்தால் அது பாடம். இல்லையென்றால் வெறும் உழைப்பு.

பிரிட்டனில் 1980களின் இறுதியில் வந்த 'ப்ராஜெக்ட் 2000' சீர்திருத்தம் மாணவர்களை வார்டின் ஆள்கணக்கிலிருந்து பெருமளவு விடுவித்தது. ஆனால் படித்து வெளிவந்தவர்களுக்குக் கைப்பழக்கம் போதவில்லை என்ற குறை எழுந்தது. நடைமுறைப் பயிற்சியை வலுப்படுத்தும்படி 1999இல் ஓர் ஆய்வுக்குழு பரிந்துரைத்தது. ஆகவே வேலையைக் குறைப்பது பாதித் தீர்வுதான். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

நம் கல்லூரிகள் பல மன அழுத்தத்துக்கு யோகா வகுப்பு நடத்துகின்றன. அது நல்லதே. ஆனால் மாணவரைத் தாங்கப் பழக்குகிறதே தவிர, தாங்க வைக்கும் காரணத்தைத் தொடுவதில்லை. அதைத் தொட வேண்டுமானால், மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஸ்டாஃப் நர்ஸுக்கு அந்த ஷிஃப்டில் நோயாளிகளைக் குறைத்துக் கொடுக்க வேண்டும்; அது செலவு பிடிக்கும் காரியம். மாணவரின் மகிழ்ச்சியில் அக்கறை உண்டு என்று சொல்லும் நிர்வாகம் அந்தச் செலவை ஏற்கிறதா என்பதே உரைகல்.