முதியோர் இல்லாத முதியோர் கல்வி: எண்ணிம எழுத்தறிவுத் திட்டங்களின் வயது வரம்பு குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இந்திய எண்ணிம எழுத்தறிவுத் திட்டங்கள் அறுபது வயதைக் கடந்தோரைக் கற்பவராகக் கருதினவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வயது வரம்பு நிருவாக ஏற்பாடாகத் தோன்றினாலும், கல்வி யாருக்கு உரியது என்னும் கருத்தை அது உள்ளடக்கியுள்ளது என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: வாழ்நாள் கல்வி, முதியோர், எண்ணிம எழுத்தறிவு, தற்சார்புக் கற்றல்.

முன்னுரை

தமிழில் 'முதியோர் கல்வி' என்னும் தொடர் நெடுங்காலமாக வயதுவந்தோர் கல்வியையே குறித்து வந்துள்ளது. 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பெற்ற தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் 15 முதல் 35 வயது வரையிலானோரை இலக்காகக் கொண்டது. 1988இல் அமைந்த தேசிய எழுத்தறிவு இயக்கமும் அவ்வரம்பையே பின்பற்றியது. ஆகவே, முதியோர் கல்வியின் இலக்கில் முதியோர் இடம்பெறவில்லை. உழைக்கும் வயதினரின் எழுத்தறிவே நாட்டு வளர்ச்சிக்கு முதன்மையானது என்னும் எண்ணம் இதில் வெளிப்படுகிறது.

வயது வரம்பின் முரண்

2017இல் ஏற்பளிக்கப்பட்ட பிரதமரின் ஊரக எண்ணிம எழுத்தறிவு இயக்கம், 6 கோடி ஊரகக் குடும்பங்களில் குடும்பத்திற்கு ஒருவருக்கு 20 மணி நேரப் பயிற்சியளிக்கத் திட்டமிட்டது. பயிற்சிக்குரிய வயது 14 முதல் 60 வரை என இருந்தது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் (2007) 60 வயது நிறைந்தவரையே மூத்த குடிமகன் என வரையறுக்கிறது. சட்டம் மூத்தோரை இனங்காணும் வயதிலேயே பயிற்சி முடிவடைந்தது. ஆனால், ஓய்வூதியருக்கான எண்ணிம வாழ்வுச் சான்றிதழ் 2014 நவம்பரிலேயே அறிமுகமாகிவிட்டது. காகிதவழிச் சான்று தொடர்ந்தாலும், புதிய வசதியின் முதன்மைப் பயனாளர் பயிற்சிக்கு வெளியே நிறுத்தப்பட்டமை முரணாகும்.

குடும்பவழிக் கற்றலின் எல்லை

குடும்பத்தில் ஒருவர் கற்றால் மூத்தோருக்கு உதவுவார் என இவ்வரம்பிற்கு நியாயம் கூறலாம். இவ்வாதம் முற்றிலும் புறந்தள்ளத்தக்கதன்று. பேரக்குழந்தைகளிடம் கைப்பேசி கற்கும் முதியோர் பலர். எனினும், கற்பித்தலும் செய்துகொடுத்தலும் வேறு. வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைப் பிறரிடம் ஒப்படைக்கும் முதியவருக்குப் பணி முடிகிறது, கற்றல் நிகழ்வதில்லை. அடுத்த முறையும் அவர் அதே உதவியை நாட வேண்டியுள்ளது. தம் பணத்தின் மீதான கட்டுப்பாட்டையும் அவர் இழக்கக்கூடும்.

வயதுவந்தோர் தம் வாழ்க்கைத் தேவையையும் அனுபவத்தையும் ஒட்டித் தாமே கற்றலை வழிநடத்துவர் என்பது மால்கம் நோல்ஸின் கோட்பாடு. முதியோரைக் கற்பவராக ஏற்க இக்கோட்பாடு துணைசெய்கிறது. ஆனால், கற்பவரைத் தனியராகவே அது காண்கிறது. ஒரே கைப்பேசியைப் பலர் பகிரும் வீட்டில், கற்கும் விருப்பத்தோடு கருவியும் நேரமும் தேவை. எனவே, தற்சார்பைக் கற்றலின் தொடக்க நிலையாகக் கொள்ளாது, அதன் விளைவாகக் கொள்வதே இங்குப் பொருந்தும்.

கேரளத்தின் மாற்று

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாற ஊராட்சியில் தொடங்கிய முயற்சி, பின்னர் 'டிஜி கேரளம்' என மாநிலமெங்கும் விரிந்தது. தன்னார்வலர்கள் வீடுகளுக்கும் வேலை உறுதித் திட்டப் பணியிடங்களுக்கும் சென்று கற்பித்தனர். சுமார் 21.8 லட்சம் பேர் பயிற்சி பெற்றதாக 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அவர்களுள் நூறு வயதைக் கடந்தோரும் இருந்தனர். முதியோரால் கற்க இயலாது என்னும் கருத்தை இது வலுவிழக்கச் செய்கிறது. கற்பவர் மையத்தைத் தேடிச் செல்லாமல் கற்பிப்பவர் கற்பவரைத் தேடிச் சென்றதே இங்குக் குறிப்பிடத்தக்க வேறுபாடு. எனினும், பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை அத்திறன் நிலைத்தமைக்குச் சான்றாகாது.

முடிவுரை

2022 முதல் 2027 வரைக்குமான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதிற்கு மேற்பட்ட அனைவரையும் உள்ளடக்கி, எண்ணிம எழுத்தறிவையும் வாழ்க்கைத் திறன்களுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. மேல்வரம்பு நீங்கியமை வரவேற்கத்தக்கது. ஆனால் அதுவே போதுமானதன்று. அறுபதைக் கடந்தோர் எத்தனை பேர் கற்றனர், பயிற்சிக்குப் பின் எவருடைய துணையுமின்றி எவற்றைச் செய்கின்றனர் என்பன தனித்துப் பதிவுசெய்யப்பட வேண்டும். அத்தகைய பதிவு இருந்தால்தான் 'முதியோர் கல்வி' என்னும் தொடர் அதன் நேர்ப்பொருளைப் பெற்றதா என்பதை மதிப்பிட இயலும்.