வெறும் சொடுக்கில் தீராத பதற்றம்

அமெரிக்காவில் 2020-இல் தோட்டாக்களுக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியபோது, தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருந்த பலர் வீட்டுக் கூடத்திலேயே பழகத் தொடங்கினார்கள். தோட்டா இல்லாத துப்பாக்கியின் விசையை அழுத்திப் பழகும் ‘டிரை ஃபயர்’ முறை பழையதுதான். இப்போது லேசர் ஒளி பாய்ச்சும் போலித் தோட்டாவும், மதிப்பெண் போடும் கைபேசிச் செயலியும் சேர்ந்து அதை ஒரு மோகமாக்கிவிட்டன. சுடும்போது வரும் பதற்றத்தை இதுவே போக்கிவிடும் என்று பயிற்சியாளர்கள் சிலர் உறுதி கூறுகிறார்கள். அந்த உறுதியை நான் ஏற்கவில்லை.

பயன் இல்லாமல் இல்லை. செலவு குறைவு. உறையிலிருந்து எடுப்பது, குறி பிடிப்பது, விசையை நேராகப் பின்னிழுப்பது எல்லாம் கையில் படியும். தேர்ந்தவர்களும் இதைச் செய்கிறார்கள்.

ஆனால் பதற்றம் விரலில் பிறப்பதில்லை. காதிலும் உள்ளங்கையிலும் பிறக்கிறது. கைத்துப்பாக்கியின் வெடியோசை ஏறத்தாழ 160 டெசிபல். 140-ஐத் தாண்டினாலே செவிக்குக் கேடு. மூடிய சுடுதளத்தில் ஓசை சுவர்களில் மோதித் திரும்பி இன்னும் தாக்கும். மறைத்து எடுத்துச் செல்ல வசதியென்று சிறிய, எடை குறைந்த துப்பாக்கியை வாங்கியவருக்கு உதைப்பும் கூடுதல். விசை நகர்ந்தால் இடி விழும் என்று உடல் விரைவில் கற்றுக்கொள்கிறது. பிறகு வெடிக்கும் முன்பே கண் மூடுகிறது, மணிக்கட்டு குழலைக் கீழே அமுக்குகிறது. வலக்கைக்காரரின் குண்டு பெரும்பாலும் இலக்கின் இடப்பக்கம் கீழே போய்விழும். பாவ்லோவ் தம் நாய்களிடம் கண்ட பழக்க அனிச்சையின் வகைதான் இது.

வெடியில்லாமல் திரும்பத் திரும்ப விசையை அழுத்தினால் விசைக்கும் இடிக்கும் இடையிலான முடிச்சு அவிழ்ந்துவிடும் என்கிறார்கள் ஆதரவாளர்கள். அவிழும், வீட்டுக் கூடத்தில். ஓரிடத்தில் தணிந்த அனிச்சை பழைய சூழலுக்குத் திரும்பியதும் மீண்டும் தலைதூக்கும் என்பதை உளவியல் ஆய்வகங்கள் பலமுறை கண்டிருக்கின்றன. தோட்டாவை எடுத்துவைத்தவரே சுடுபவர். இடி வராது என்று அவர் உடலுக்குத் தெரியும். அஞ்சுவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் அஞ்சாமல் இருந்ததற்குச் செயலி முழு மதிப்பெண் கொடுக்கிறது. அதை நம்பி ஒருவர் ஆபத்துவேளையில் சுட்டால், தவறிய குண்டு பக்கத்து வீட்டுச் சுவரைத் துளைக்கலாம். இந்த அபாயத்தை மறைத்து விற்பதை நான் பயிற்சி என்று சொல்ல மாட்டேன்.

இந்தப் பதற்றத்துக்கு மருந்து சுடுதளத்தில்தான் இருக்கிறது. உதைப்பு மிகக் குறைந்த .22 துப்பாக்கியில் தொடங்க வேண்டும். காதுக்குள் அடைப்பான், அதன்மேல் காதுமூடி என்று இரட்டைப் பாதுகாப்பு வேண்டும். அதன்பின் மெய்த் தோட்டாக்களுக்கு நடுவே போலித் தோட்டாவை இன்னொருவர் கலந்து வைக்க வேண்டும். எது எப்போது வரும் என்று சுடுபவருக்குத் தெரியாது. போலி வந்த நொடியில் வெடி இல்லை, உதைப்பு இல்லை. ஆனாலும் குழல் சட்டென்று கீழே சரிவதை அவரே பார்த்துவிடுகிறார். அந்தச் சரிவு நிற்கும்வரை இதைத் தொடர வேண்டும். உடல் ஏமாற்ற வழியில்லாத சோதனை இது. இதற்கு ஒரு பெட்டி போலித் தோட்டாவும் ஒரு துணையும் போதும்.

லேசர் கருவி வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தை .22 தோட்டாக்களுக்குச் செலவிடுங்கள். அடுத்த முறை சுடுதளத்துக்குப் போகும்போது உங்கள் மேகசினை நீங்களே நிரப்பாதீர்கள்; உடன் வந்தவரிடம் கொடுங்கள்.